இறக்கி வைக்க இரண்டு இடம்

அந்த இரும்பு வார்ப்புப் பட்டறையில் அவருக்குச் 'சரிசரி' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஒட்டிக்கொண்டது. "அண்ணே, இந்த உருப்படியை முதல்ல தேய்ச்சிடுங்க" என்றால் சரி சரி. "என்னண்ணே, நேத்து ஆளையே காணோம்?" என்றாலும் சரி சரி. "டீயா, காப்பியா?" என்று கேட்டவனுக்கும் அதே பதில்தான், கூடவே ஒரு சிரிப்பு. தங்கமான மனுஷன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று பட்டறையே சொன்னது. தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. இந்த உலகத்தில் அது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருத்தி அவர் மனைவி.

காது போனது ஒரே நாளில் அல்ல. இருபத்திரண்டு வருஷம் கிரைண்டிங் மெஷினைக் கையில் பிடித்து வார்ப்பின் பிசிறைத் தேய்த்துத் தேய்த்து, பிசிறோடு பிசிறாகக் காதும் தேய்ந்துபோனது. முதலில் கொசுவின் ரீங்காரம் போனது, பிறகு குழாய் சொட்டுவது, பிறகு கதவு தட்டுவது. கடைசி மூன்று வருஷமாக ஒன்றுமே இல்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். வாயசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார், மீதிக்கு இருக்கவே இருக்கிறது சரி சரி. வருஷத்துக்கு ஒரு தடவை பட்டறைக்கு வருகிற டாக்டரைக்கூட அப்படித்தான் ஏமாற்றினார். அந்த டாக்டரும் காதோரம் கேட்காமல் முகத்துக்கு நேரே கேட்டார். அவருக்கு அடுத்த பட்டறைக்குப் போகிற அவசரம். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால் இரண்டு தடவை சரி சரி சொல்லிவிட்டு, "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று போனைத் தள்ளிவிடுவார். அப்பாவுக்கு என் மேல் பாசமே இல்லை என்று மகளுக்குத் தீராத குறை.

"தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்பார் மனைவியிடம். "வீட்ல உட்கார்ந்து நான் என்ன பண்றது? சுவத்தைத் தேய்க்கவா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்பார்கள். இவர்கள் மூன்று வருஷம் மறைத்தார்கள். தப்புதான். ஆனால் வேலையில்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் இந்த மனுஷன் உடைந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளே அவருக்குக் காதாக இருந்தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரோட்டுப் பக்கம் எப்போதும் அவள் நடப்பாள், சுவர்ப் பக்கம் அவர். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நடப்பார். 'இந்த வயசிலும் பொண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கிட்டே போறான் பாரு' என்று தெருவில் கேலி செய்தார்கள்.

அவளுக்கும் அதே பட்டறையில்தான் வேலை, பதினான்கு வருஷமாக மணல் சலிப்பது. ஒருநாள் சல்லடையிலிருந்து தலை நிமிர்ந்தபோது அதைப் பார்த்தாள். மேலே கூரையை ஒட்டி ஓடும் கிரேன் ஒரு வார்ப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது. சரக்கோடு நகரும்போது ஹாரன் அடிக்க வேண்டும், அடித்தால் கீழே இருப்பவன் ஒதுங்க வேண்டும், இது பட்டறையின் சட்டம். ஹாரன் அலறுகிறது. அவள் கணவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். இரண்டு டன் இரும்பு அவர் பின்னந்தலைக்கு ஒரு முழ தூரத்தில் போகிறது. போன பிறகு அவர் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்து, எதிரே இருந்தவனைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தது இருபத்தாறு வயதுப் பெண். மேலே கேபினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பதால் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். கல்யாணமாகிப் போகப்போகிறாள், இரண்டு மாசத்துக்குள் வேறு ஆள் பழக வேண்டும், உள்ளேயே யாராவது வரலாம் என்று சூப்பர்வைசர் சொன்னபோது, நாற்பத்து நான்கு வயதில் இவள் கை தூக்கினாள். பட்டறை சிரித்தது. "ஏணி ஏறினா முட்டி வலிக்குமேக்கா!" என்றான் ஒருவன். "முட்டி எனக்கு, வலியும் எனக்கு, உனக்கென்னடா?" என்றாள். மேலே இருந்தால் அவர் எங்கே நிற்கிறார் என்று எப்போதும் கண்ணில் படும். காரணம் அது ஒன்றுதான், அதை யாரிடம் சொல்ல?

கழுகுக்கு வாய் நீளம். பதினெட்டு வயது சின்னவள் இவளை வறுத்தெடுத்துவிட்டாள். முதல் பாடம், கொக்கியில் ஒரு வாளித் தண்ணீர். பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். வாளி முன்னால் ஆடினால் பின்னால் இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் ஆட்டம் இரட்டிக்கும். வாளியோடு கிரேனையும் முன்னால் ஓட்டி, அதன் தலைக்கு நேராகப் போய் நின்றால்தான் அடங்கும். இது மண்டைக்குப் புரிய ஒரு நிமிஷம், கைக்குப் புரிய மூன்று வாரம். "மழை வருதுடா, குடை எடு" என்று கீழே கத்துவார்கள்.

வாளி அடங்கிய அன்று கழுகு அடுத்த பாடத்தைச் சொன்னாள். "அக்கா, தூக்க யாருக்கு வேணா தெரியும். லிவரை இழுத்தா மெஷின் தூக்கப்போகுது. இறக்கறதுதான் வேலை. சங்கிலி விறைக்கறதுக்கு முன்னாடியே இறக்கி வைக்க ரெண்டு இடம் பார்த்து வச்சிருக்கணும். ஒண்ணு, வைக்க வேண்டிய இடம். இன்னொண்ணு, அது கெட்டுப்போனா வைக்கிற இடம்."

"ரெண்டும் கெட்டுப்போனா?"

கழுகு அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ கண்ணு முன்னாடி என்ன இருக்கோ அதை வச்சுத்தான்க்கா. அதை நான் சொல்லித்தர முடியாது."

அதன்பிறகு அவளுக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. வீட்டில் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை எடுப்பதற்கு முன்பு இரண்டு இடம் பார்ப்பாள். குடத்தைத் தூக்குவதற்கு முன்பு பார்ப்பாள். அவர் சிரிப்பார். பட்டறையில் முதல் இடம் சரக்குக்குச் சரக்கு மாறும், பெரும்பாலும் கிழக்குக் கோடியில் லாரிக்கு ஏற்றும் கட்டை அடுக்கு. இரண்டாவது இடம் மட்டும் மாறாது. அது மேற்குக் கோடியில் இருக்கும் பழைய மணல் குழி. எது விழுந்தாலும் வாங்கிக்கொள்ளும். அங்கே யாரும் எதையும் போட்டு வைக்கக்கூடாது என்று சண்டை போட்டுக் காலி செய்து வைத்தாள்.

கழுகு போனாள். இவள் தனியாக ஏறினாள். கீழே இவளுக்கு 'மேல்வீட்டம்மா' என்று பெயர் வந்தது. கிரேனின் அடியில் தரையைப் பார்த்து ஒரு பெரிய விளக்கு உண்டு. சரக்கு அவர் பக்கம் போகும்போது ஹாரனோடு சேர்த்து அந்த விளக்கையும் இரண்டு தடவை அணைத்துப் போடுவாள். தரையில் வெளிச்சம் துடித்தால் அவர் நிமிர்வார், ஒதுங்குவார். இது அவர்கள் இருவருக்குள் பேசிக்கொண்ட ஏற்பாடு. கரியும் தூசியுமாக இருட்டடித்துக் கிடந்த பட்டறையில் அது நன்றாகவே வேலை செய்தது.

"மேல்வீட்டம்மா கண்ணடிக்குதுடோய்!" என்று கீழே கூத்து. அவர் சிரிப்பார். மேலே அவளும் சிரிப்பாள். அந்த ஒரு மாசம்தான் அவள் நிம்மதியாகத் தூங்கியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது, தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே.

முதலில் பிரேக். சரக்கை அந்தரத்தில் நிறுத்திப் பத்து எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தாள் கழுகு. தூணில் அடித்திருந்த மஞ்சள் கோட்டுக்கு நேராக நிறுத்திப் பார்த்தபோது, பத்து எண்ணுவதற்குள் சரக்கு ஒரு விரல் அளவு தானாக இறங்கியிருந்தது. அடுத்த வாரம் இரண்டு விரல். சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் மெக்கானிக்கிடம் சொன்னதாகச் சொன்னார். "அவன்கிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதாம்மா," என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எதையும் தெரிந்து சொல்லவில்லை என்று உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

அடுத்து கூரை. மேற்குப் பக்கம் மழை ஒழுகுகிறது என்று பழைய தகடுகளைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் ஊடுருவும் தகடுகளைப் போட்டார்கள். பட்டறை பளிச்சென்று ஆனது. "கண்ணு தெரியுதுடா சாமி!" என்று எல்லோருக்கும் சந்தோஷம். மேலே அவள் கை முதலில் விளக்கின் ஸ்விட்சுக்குத்தான் போனது. விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அந்த வெயிலில் தரையில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் நிமிரவில்லை. சாயங்காலம் வீட்டில் சொன்னாள். "நான் பார்த்துக்கறேன் விடு, அடிக்கடி மேல பார்க்கறேன்," என்றார்.

மூன்றாவது குளிர். அந்த வருஷம் குளிர் எலும்பைக் கடித்தது. புதுத் தகட்டின் வழியாகக் காலை வெயில் சாய்வாக இறங்கி நேரே விழுந்த இடம் மணல் குழி. பட்டறையிலேயே சாமான் இல்லாமல் சுத்தமாகக் கிடந்த இடமும் அதுதான், அவள் சண்டை போட்டு வைத்ததால். மெத்தென்ற மணல், இளவெயில். டீ நேரத்தில் எல்லோரும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். மேலிருந்து கத்தினாள், இறங்கி வந்து திட்டினாள். "ஏன் மேல்வீட்டம்மா, காலியாதானே கிடக்கு?" என்றார்கள். எதற்காகக் காலியாகக் கிடக்கிறது என்று அவள் விளக்க விளக்க, சரிக்கா சரிக்கா என்று எழுந்துபோய் மறுநாள் திரும்ப வந்தார்கள். ஆபத்துக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தால் ஆள் வந்து உட்காரத்தான் செய்யும். இதை எந்தக் கழுகும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

அவள் கணவரும் அங்கேதான் உட்கார்ந்தார். வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, மேற்குச் சுவரைப் பார்த்தபடி, தனியாக ஓர் ஓரத்தில். கூட்டமாக உட்கார்ந்தால் பேச வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. பெரிய பம்ப்பின் அடிப்பாகம், மூன்றரை டன். எடுத்துக் கிழக்கே கட்டை அடுக்கில் வைக்க வேண்டும். தூக்குவதற்கு முன்பு பார்த்தாள். கட்டை அடுக்கு காலி. மணல் குழியும் காலி. தூக்கினாள்.

பாதி வழியில் கிழக்கு வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக உள்ளே வந்து, கட்டை அடுக்கை மறித்து நின்றது. டிரைவர் இறங்கி, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ தேடினான். அவள் கிரேனை நிறுத்தினாள். சரக்கு நிற்கவில்லை. தூணின் மஞ்சள் கோட்டைத் தாண்டி, அவசரமே இல்லாமல், தானாக இறங்கிக்கொண்டே போனது.

நேர் கீழே அப்போதுதான் ஊற்றிய அச்சுகள் வரிசையாக இருந்தன. உள்ளே இரும்பு இன்னும் குழம்பாகத்தான் இருந்தது. அதன் மேல் மூன்றரை டன் உட்கார்ந்தால் சுற்றியிருப்பவர்கள் மேல் நெருப்பு தெறிக்கும். ஹாரனை அழுத்தினாள், கையை எடுக்கவே இல்லை. இன்னொரு கையால் மேலே தூக்கும் லிவரைத் தட்டித் தட்டிச் சரக்கைப் பிடித்தாள். தட்டினால் ஒரு சாண் ஏறும், விட்டால் ஒன்றரைச் சாண் இறங்கும். மோட்டாரிலிருந்து கருகல் வாசனை வந்தது. கிரேனை மேற்கே ஓட்டினாள்.

அந்த அலறலில் பட்டறை சிதறி ஓடியது. அதற்குள் டீ குடிக்க வந்து மணல் குழியில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவர் ஓடவில்லை. வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்துப் போட்டாள். அணைத்துப் போட்டாள். வெயில் அதை விழுங்கிவிட்டது. யாராவது அவரைப் பிடித்து இழுங்களேன் என்று கத்தினாள். கேபின் கண்ணாடிக்குள்ளேயே அது நின்றுவிட்டது. தூரத்திலிருந்து அவரைப் பார்த்துக் கத்தியவர்கள் இருந்தார்கள். கிட்டே போகத் துணிந்தவன் எவனும் இல்லை, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இரண்டு இடமும் போயிற்று. கண் முன்னால் என்ன இருக்கிறது? வெயில் இருந்தது. சரக்குக்கு முன்னால், அதன் மேற்கே, தரையில் அதன் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. கிரேனின் நிழல் தினமும் அவர் மேல் போகும், வரும். அதற்கெல்லாம் அவர் நிமிரமாட்டார். நின்றால்?

சரக்கின் நிழல் அவர் முதுகில் ஏறிய இடத்தில் கிரேனை நிறுத்தினாள். நிறுத்திய வேகத்தில் சரக்கு முன்னால் ஆடியது. வாளித் தண்ணீரில் பழகிய கை தானாகவே கிரேனை அதன் பின்னால் ஓட்டி ஆட்டத்தைப் பிடித்தது. நிழல் அவர் மேலேயே நின்றது. லிவரைத் தட்டினாள், மோட்டார் உறுமியது, தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரை மோட்டார் தாங்காது என்று தெரியும்.

ஐந்தில் அவர் தோளைக் குறுக்கினார். குளிர்ந்திருக்கும். ஆறில், வெயில் எங்கே போயிற்று என்று பார்ப்பவரைப் போலத் திரும்பினார். இருபத்திரண்டு வருஷத்துப் பட்டறைக் கால், அதற்குமேல் யோசிக்கவில்லை. டம்ளர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பாய்ந்தார். அவள் சரக்கைக் குழிக்கு மேல் ஓட்டிக் கையை விட்டாள். மணல் அதைப் பாதி வரை விழுங்கியது.

ஏணி இறங்கவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் மூன்று வருஷமாகக் கனவில் கண்டிருக்கிறாள்.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்புவதற்குள் அவர் அவளைக் கம்ப்ரெஸர் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அவர் ரகசியம் என்று நினைத்துப் பேசுவது எட்டு வீட்டுக்குக் கேட்கும். அங்கே மெஷின் சத்தத்தில் கேட்காது.

"நீ தினமும் என்னைப் பார்த்து லைட் அடிக்கிறதை எல்லாரும் பார்த்திருக்காங்கல்ல. ஹாரனும் அப்படித்தான் சும்மா விளையாட்டுக்கு அடிப்பேன், இன்னிக்கும் விளையாட்டுன்னு நினைச்சு அவர் உட்கார்ந்துட்டாருன்னு சொல்லிடு. நம்புவாங்க. உன்னை மறுபடி மணலுக்கு அனுப்புவாங்க, அவ்வளவுதானே? நீ அங்க இருந்தவதானே?"

அவர் கை அவள் மணிக்கட்டை இறுக்கியிருந்தது. அவ்வளவு பயந்து அவரை அவள் பார்த்ததே இல்லை, சற்றுமுன் சரக்கின் கீழே இருந்தபோதுகூட. சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. மணலுக்குப் போவதில் அவளுக்கு ஒரு குறைவும் இல்லை. பிறகு, தூக்குவதற்கு முன்பு இறக்கும் இடத்தைப் பார்த்தாள். நாளைக்குக் கேபினில் வேறு யாரோ இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஹாரன் அடிப்பார்கள், ஒதுங்குவார் என்று நம்பி நகர்த்துவார்கள். இந்தப் பொய்யைக் கொண்டுபோய் இறக்க அவளுக்கு ஓர் இடமும் தெரியவில்லை.

மேனேஜர் அறையில் சூப்பர்வைசர் இருந்தார். "பத்துப் பேர் ஓடினாங்க சார், இவர் டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்," என்றார்.

"ஹாரன் அடிச்சியாம்மா?" என்றார் மேனேஜர்.

மேனேஜரைப் பார்த்துப் பேசியிருந்தால் அவள் கணவருக்கு அவள் வாய் தெரிந்திருக்காது. அந்தக் கோழைத்தனம் வேண்டாம் என்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் பார்க்கும்படி வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அடிச்சேன் சார். அவருக்குக் காது கேட்காது. மூணு வருஷமா கேட்காது. நான்தான் மறைச்சேன்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அது மூடிய பிறகும் பார்த்தார்.

மேனேஜர் நல்லவிதமாகவே பேசினார். நாளையிலிருந்து அவர் உள்ளே வர வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவளிடம், "நல்லா சமாளிச்சேம்மா. நாளைக்கு வழக்கம்போல ஏறு. இப்போதைக்குப் பிரேக்கை இறுக்கி விடச் சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழமை மாத்திடலாம்," என்றார். பிறகு எழுந்து அவர் முகத்துக்கு நேராக நின்று, "புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"சரி சரி," என்றார் அவர். பட்டறையில் முதல் தடவையாக அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு இருவரும் கிளம்பினார்கள். கேட்டைத் தாண்டியதும் அவர் அவளுக்காக நிற்கவில்லை. முன்னால் நடந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. "என்னங்க!" என்று கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டதை நினைத்து அவளுக்கே ஆத்திரம் வந்தது. ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அவர் திரும்பவில்லை, தோளை உதறினார். முகத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காது கேட்காதவர் கண்ணையும் மூடிக்கொண்டால் பேசுவதற்கு வழியே இல்லை. அவர் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

அவள் பின்னால் நடந்தாள், ரோட்டுப் பக்கமாக, அடிக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. வெயில் அவர்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நிழல் நீண்டு அவருக்குச் சற்றுப் பின்னால் தரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு எட்டு வேகமாக வைத்து, நிழல் அவர் காலடியில் விழும்படி வந்து, அவரோடு அதை அங்கேயே நிறுத்தி வைத்தாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

அவர் குனிந்து நிழலைப் பார்த்தார். யாருடையது என்று தெரிந்தது அவருக்கு. பிறகு அந்த நிழலை விட்டு விலகி, சுவர்ப் பக்கம் இல்லை, நடு ரோட்டுப் பக்கமாகப் போய் நடந்தார்.

பின்னால் வளைவில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அவள் ஓட ஆரம்பித்தாள்.